பெட்டி மாஸ்கோ வரைக்கும்தான்

ஜூலை பிறந்துவிட்டால் எனக்கு வரும் மெயில்களில் பாதி ஒரே கேள்விதான். "பாப்பா, பையன் வோல்கோகிராடுக்கு வர்றான். திருச்சியில பெட்டியப் போட்டா நேரா அங்க வந்து எடுத்துக்கலாம்ல?" கேட்பவர் துறையூர்க்காரராக இருப்பார், இல்லையென்றால் பெரம்பலூர், அரியலூர். மகனுக்கோ மகளுக்கோ மருத்துவச் சீட்டு கிடைத்திருக்கும், ஏஜென்ட்டிடம் பணம் கட்டியிருப்பார்கள், டிக்கெட்டும் வந்திருக்கும். அந்த டிக்கெட்டை மட்டும் அனுப்ப மாட்டார்கள். அதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

இங்கே ரஷ்யாவின் வோல்கோகிராடில் நான் படிப்பது கடைசி வருஷம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஜூனியர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாஸ்கோ போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வேலை சீனியர்கள் தலையில் விழும். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, மாஸ்கோவில் நல்ல தோசை கிடைக்கிறது. ஆனால் ஏர்போர்ட்டில் பெட்டி சுற்றி வரும் பெல்ட் முன்னால் நின்று முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும், கசானோ ஓரன்பர்கோ, பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் டிக்கெட். திருச்சியிலிருந்து வோல்கோகிராட் வரைக்கும் எத்தனை விமானம் மாறினாலும் எல்லாம் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா, இல்லை துண்டு துண்டாகப் போட்டிருக்கிறார்களா? ஒரே பி.என்.ஆர் என்றால் பெட்டியை ஒரு விமானத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றுவது விமானக் கம்பெனிக்காரர்கள் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொரு இடத்திலும் அது உங்கள் வேலை. விலை குறைவு என்பதால் ஏஜென்ட்டுகள் துண்டு டிக்கெட்டைத்தான் அதிகம் போடுகிறார்கள். அதை ஒரே தாளில் அழகாக டைப் செய்து அனுப்பும்போது பார்க்க ஒரே பயணம் மாதிரிதான் இருக்கும். மேலே பி.என்.ஆர் எண் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

புதுக்கோட்டைத் தம்பி ஒருவனுக்கு நடந்தது இது. திருச்சியிலிருந்து ஷார்ஜா வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து மாஸ்கோவுக்கு வேறொரு கம்பெனி. இரண்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது. திருச்சி கவுண்ட்டரில் பெட்டிக்கு ஷார்ஜா வரைக்கும்தான் டேக் போட்டார்கள். இவன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்ன செய்ய? ஷார்ஜாவில் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் இமிக்ரேஷன் தாண்டி வெளியே போக வேண்டும். அமீரக விசா இல்லாமல் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி பெல்ட்டில் சுற்றுகிறது, இந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் இவன் நிற்கிறான். அடுத்த கம்பெனிக்காரர்கள் "உன் பெட்டி எங்கள் பொறுப்பில் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பையன் கைப்பையோடு மாஸ்கோ வந்து சேர்ந்தான். பெட்டியை முதல் கம்பெனிக்காரர்கள் திருச்சிக்கே திருப்பிக் கொண்டுபோக, அவன் அப்பா போய் வாங்கிக்கொண்டார். இட்லி அரிசியும் மிக்ஸியும் ஷார்ஜா பார்த்துவிட்டு வீடு திரும்பின.

வளைகுடா வழியாக வருவதென்றால் ஒரே டிக்கெட்டில்தான் வர வேண்டும். ஐயாயிரம் ரூபாய் அதிகமானாலும் சரி. 2022க்கு முன்னால் பிராங்ஃபர்ட் வழி, வேறு ஐரோப்பிய நகரங்கள் வழி என்று வந்தவர்கள் உண்டு. உக்ரைன் போர் தொடங்கி வான்வழி மூடப்பட்ட பிறகு அந்தப் பாதை போய்விட்டது. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் துபாய், ஷார்ஜா, அபுதாபி, தோஹா வழியாக வருகிறார்கள், அல்லது டெல்லி போய் அங்கிருந்து ரஷ்ய விமானக் கம்பெனியான ஏரோஃப்ளோட்டில் நேராக மாஸ்கோ. டெல்லி வழியில் தனி டிக்கெட்டாக இருந்தாலும் விசாத் தொல்லை இல்லை, நம் நாடுதானே. பெட்டியை எடுத்து மூன்றாம் முனையத்துக்குப் போய் மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். சென்னை விமானம் முதலாம் முனையத்தில் இறக்கிவிட்டால் சாலை வழியாகத்தான் மூன்றாவதற்குப் போக முடியும், அதற்கு நேரம் வையுங்கள்.

டிக்கெட்டுக்கு அடுத்தது டேக். கவுண்ட்டரில் இருக்கும் பெண் பெட்டிக் கைப்பிடியில் ஒரு நீளத் தாளைச் சுற்றுவாரே, அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்து இருக்கும். அதுதான் பெட்டி போய்ச் சேரும் ஊர். எஸ்.வி.ஓ என்றால் மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ, டி.எம்.ஈ என்றால் டொமோடெடோவோ, வி.கே.ஓ என்றால் வ்னூகோவோ, வி.ஓ.ஜி என்றால் வோல்கோகிராட். பெட்டி பெல்ட்டில் நகர்வதற்கு முன்னால் குனிந்து படித்துவிடுங்கள். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும். உங்களுக்குக் கொடுக்கும் சின்ன ஸ்டிக்கரில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியையும் ஒரு போட்டோ.

(வோல்கோகிராட் விமான நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நகரத்தின் பெயர் மாறவில்லை. "வேற ஊர்ல எறக்கி விட்டுட்டாங்களாம்மா?" என்று ஒரு அம்மா பதறிப்போய் மெயில் போட்டிருந்தார். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டுப் பதறுவானேன்!)

சரி, டேக்கில் வி.ஓ.ஜி என்றே இருக்கிறது, ஒரே டிக்கெட், ஒரே கம்பெனி. அப்போதும் மாஸ்கோவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரஷ்யாவுக்குள் நீங்கள் நுழைவது மாஸ்கோவில். பாஸ்போர்ட் முத்திரை விழுவது அங்கே, சுங்கம் என்ற விஷயமும் அங்கே வருகிறது. பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போடச் சொல்வார்களா, இல்லை அது தானாக உள்நாட்டு விமானத்துக்குப் போய்விடுமா என்பது கம்பெனியையும் விமான நிலையத்தையும் பொறுத்தது. டிரான்ஸ்ஃபர் கவுண்ட்டரில் டேக்கைக் காட்டி, "பகாஷ்?" (லக்கேஜ்?) என்று கேட்டால் போதும், கையைக் காட்டுவார்கள். பெல்ட்டில் உங்கள் பெட்டி சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் டேக்கில் எந்த ஊர் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தனி டிக்கெட்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. எடுத்தே ஆக வேண்டும்.

பெல்ட்டுக்குப் போவதற்குள் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நேரம் அங்கேதான் போகிறது. 2024 டிசம்பரிலிருந்து மாஸ்கோ விமான நிலையங்களில் வெளிநாட்டவரிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். ஒரே விமானத்தில் நூறு மாணவர்கள் வந்திறங்கினால் வரிசை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிலரைத் தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். போனை வாங்கிப் பார்ப்பதும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்தின் அச்சுப் பிரதி கையில் இருந்தால் சீக்கிரம் விடுவார்கள். கையில் என்றால் கையில்தான். பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த கடிதத்தை யாரிடம் காட்டுவது? அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை) செய்த பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், எச்.ஐ.வி பரிசோதனைச் சான்று, எல்லாமே கைப்பையில். பாஸ்போர்ட்டோடு ஒரு மைக்ரேஷன் கார்டு தருவார்கள், சின்னத் துண்டுத் தாள். அதைத் தொலைத்தால் பெட்டியைத் தொலைத்ததைவிடப் பெரிய தலைவலி.

இதெல்லாம் முடிந்து பெல்ட்டுக்கு வரும்போது பல நேரம் பெட்டிகளைக் கீழே இறக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். பெல்ட் காலியாக இருக்கிறதே என்று அழ வேண்டாம், தூணைச் சுற்றிப் பாருங்கள்.

பிறகு சுங்கம். பச்சை வழியில் நேராக நடந்துவிடலாம். விமானத்தில் வருபவர் சொந்த உபயோகத்துக்கு 50 கிலோ வரை, 10,000 யூரோ மதிப்பு வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். அந்த அளவுக்கு நாம் எங்கே போகிறோம்? பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் மட்டும் சிவப்பு வழியில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது அடுத்த விமானம். ஷெரெமெத்யேவோவில் இறங்கி அங்கிருந்தே ஏரோஃப்ளோட் பிடிப்பதென்றால் கஷ்டமில்லை. வெளிநாட்டு விமானங்களுக்கு சி முனையம், உள்நாட்டுக்கு பி, இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. ஆனால் ஏஜென்ட்டுகளின் திறமையே தனி. துபாயிலிருந்து எமிரேட்ஸில் டொமோடெடோவோ, அங்கே இறங்கி ஷெரெமெத்யேவோவிலிருந்து வோல்கோகிராட், நடுவில் மூன்று மணி நேரம்! டொமோடெடோவோ மாஸ்கோவுக்குத் தெற்கே, ஷெரெமெத்யேவோ வடமேற்கே. ஏரோஎக்ஸ்பிரஸ் ரயிலில் பாவெலெட்ஸ்கி ஸ்டேஷன், அங்கிருந்து பச்சை நிற மெட்ரோ லைனில் பெலோருஸ்கயா, அங்கிருந்து மறுபடி ஏரோஎக்ஸ்பிரஸ். இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு மெட்ரோ படிகளில் ஏறி இறங்குவதை முதல் நாளே செய்ய வேண்டாம். விமான நிலையம் மாறுவதென்றால் எட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரே விமான நிலையம் என்றால் ஐந்து.

அதிகம் என்று தோன்றலாம். உள்நாட்டு விமானத்துக்கு செக்-இன் நாற்பது நிமிடம் முன்னால் மூடிவிடும், தனி டிக்கெட் என்றால் உங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், அந்தப் பணமும் போச்சு. போதாததற்கு ட்ரோன். வோல்கோகிராட் பக்கம் ட்ரோன் வருகிறது என்றால் விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள், மாஸ்கோவிலும் அப்படியே. இரவில்தான் அதிகம் மூடுவதாக எனக்குப் படுகிறது, அதனால் ஜூனியர்களுக்கு நான் பகல் விமானம்தான் சொல்வேன்.

எடை விஷயம் வீட்டிலேயே தீர்க்க வேண்டியது. வளைகுடா விமானங்கள் மொத்த எடையைச் சொல்லும், முப்பது கிலோ, நாற்பது கிலோ என்று. நம் ஆட்கள் அதை அப்படியே ஒரு கிராம் மிச்சம் வைக்காமல் நிரப்புவார்கள். மாஸ்கோவில் தனி டிக்கெட்டில் ஏறும் உள்நாட்டு விமானத்தின் கணக்கு வேறு: சாதாரண எகானமியில் ஒரு பெட்டி, 23 கிலோ. மலிவு டிக்கெட் என்றால் பெட்டியே கிடையாது. பொபேடா மாதிரி மலிவுக் கம்பெனியில் ஒரு சிறு பைக்கு மேல் எல்லாவற்றுக்கும் காசு, அந்தப் பையையும் ஒரு சட்டத்துக்குள் விட்டு அளந்து பார்ப்பார்கள்.

மிச்ச எடைக்குப் பணம் கட்டலாமே என்றால், எதில் கட்டுவது? 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் வேலை செய்யாது. அப்பாவின் கிரெடிட் கார்டு மாஸ்கோவில் வெறும் பிளாஸ்டிக். ஏர்போர்ட்டில் டாலரை ரூபிளாக மாற்றலாம், ரேட் கொள்ளையாக இருக்கும். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பு கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். கிறுக்கிய நோட்டைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குவது மலிவு, ஆனால் அதற்கும் ரஷ்ய கார்டு வேண்டும். இங்கே இருக்கும் சீனியரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்கிறேன். முதல் தடவை வரும்போது மாஸ்கோவிலிருந்து வோல்கோகிராடுக்கு விமானமே வேண்டாம், ரயிலில் வாருங்கள். டொமோடெடோவோவில் இறங்கினால் ஏரோஎக்ஸ்பிரஸ் கொண்டுபோய் விடும் அதே பாவெலெட்ஸ்கி ஸ்டேஷனிலிருந்துதான் வோல்கோகிராட் ரயிலும் கிளம்புகிறது. ஒருவருக்கு 36 கிலோ வரை இலவசம், கீழ்ப் படுக்கையைத் தூக்கினால் அடியில் பெட்டி வைக்க இடம். ட்ரோன் வந்தாலும் ரயில் எப்படியாவது வந்து சேரும். இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆகட்டுமே. ரயிலின் ஒவ்வொரு கோச்சிலும் கொதிக்கும் தண்ணீர்ப் பாய்லர் இருக்கிறது. அம்மா கட்டிக்கொடுத்த உடனடி உப்புமா பாக்கெட்டுக்கு அது போதும். எதிர்ப் படுக்கைப் பாட்டி நிச்சயம் வெள்ளரிக்காய் தருவார்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று ஆளாளுக்கு வீடியோ போட்டிருக்கிறார்கள், அதை நான் எழுதப் போவதில்லை. குக்கரும் சாம்பார் பொடியும் வந்துவிடும், ரஷ்யாவிலும் 220 வோல்ட்தான், மூன்று கம்பி பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். வைக்கக் கூடாததில் சிலதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கசகசா. குருமாவுக்கு என்று அம்மாக்கள் ஒரு பொட்டலம் போட்டுவிடுவார்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் வருகிறது, வைத்திருந்தால் ஜெயில் வரைக்கும் போகும். டிரான்ஸிட்தானே என்று நினைக்காதீர்கள், பெட்டி அந்த ஊர் ஸ்கேனர் வழியாகத்தான் போகிறது. குருமா பொடி வீட்டில் அரைத்ததென்றால் அதில் கசகசா சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

இருமல் மருந்து. கோடீன் கலந்த சிரப், டிராமடோல் என்ற வலி மாத்திரை இதெல்லாம் ரஷ்யாவிலும் அமீரகத்திலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொண்டுவந்தால் குற்றம். மருத்துவம் படிக்க வருகிற பிள்ளை இதில் மாட்டுவது நன்றாகவா இருக்கும்? மற்ற மாத்திரைகளுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பிரிஸ்கிரிப்ஷன் வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பரை. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் வகை என்பதால் நம் ஊர் ஏர்போர்ட்டிலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் பெட்டிக்குள் இருந்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் கட்டிய கருவாட்டை ரஷ்ய சுங்கத்தில் பார்த்தால் பிடுங்கிவிடுவார்கள். மீன், இறைச்சி வகை எதுவானாலும் கம்பெனி பேக்கிங்கில்தான் இருக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடியை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய பாட்டியும் உண்டு. செடி, விதை எதுவும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, பாட்டி.

ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். நவம்பரில் வருகிறவர்கள் தோளில் போட்டுக்கொண்டே வாருங்கள். எடையில் சேராது, பெட்டி வராவிட்டாலும் குளிரில் நடுங்க வேண்டாம்.

பெட்டி வராமல் போவதும் உண்டு. போன குளிர்காலத்தில் ஒரு தங்கச்சிக்கு அப்படி ஆனது. வளைகுடாவில் முதல் விமானம் தாமதமாகி, ஓடிப்போய் அடுத்ததில் அவள் ஏறிவிட்டாள், பெட்டி ஏறவில்லை. மாஸ்கோவில் பெல்ட் நின்றதும் எல்லாரும் போவதைப் பார்த்து அவளும் வெளியே வரப் பார்த்தாள். நல்ல வேளையாக அதற்கு முன்னால் எனக்கு மெசேஜ் போட்டாள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக முடியாது. பெல்ட் இருக்கும் கூடத்துக்குள்ளேயே "ரோஸிஸ்க் பகாஷா" (பெட்டி தேடும் பிரிவு) என்று ஒரு கவுண்ட்டர் இருக்கும். அங்கே டேக் எண்ணைக் காட்டிப் பி.ஐ.ஆர் என்ற அறிக்கை வாங்க வேண்டும். அது இல்லாமல் வெளியே வந்துவிட்டால் பெட்டி தொலைந்ததற்கே ஆதாரம் கிடையாது. பின்னால் வரப்போகும் பெட்டிக்காக ஒரு சுங்கப் படிவமும் எழுதச் சொன்னார்கள். உள்ளே என்ன நிறம், என்ன பொருள் என்று கேட்டபோது முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோ உதவியது.

அவளுடைய வோல்கோகிராட் டிக்கெட் தனி. எனவே பெட்டியை மாஸ்கோ வரைக்கும் கொண்டுவருவதுதான் அந்தக் கம்பெனியின் பொறுப்பு. மூன்று நாள் கழித்துப் பெட்டி வந்தது என்று மெயில் வந்தபோது இவளுக்குப் பதிவு வேலை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. போக முடியவில்லை. வேறு ஆள் போய் வாங்க வேண்டுமென்றால் நோட்டரி முன்னால் எழுதிய அதிகாரப் பத்திரம் கேட்டார்கள். கடைசியில் வார இறுதியில் அவளே ரயிலேறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இடைப்பட்ட நாளில் வாங்கிய பூட்ஸ், உள்ளாடை, துண்டு எல்லாவற்றுக்கும் கடைச் சீட்டை வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். தாமதத்துக்கான கோரிக்கையைப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், உடைந்திருந்தால் 7 நாளுக்குள். விமானப் பயண இழப்பீட்டைப் பற்றிய மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியாவும் ரஷ்யாவும் இருக்கின்றன. அதன்படி ஒருவருக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது இரண்டாயிரம் டாலரையொட்டி. அது உச்சவரம்புதான், எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்காது. அவள் சீட்டுகளை அனுப்பினாள், இரண்டு மாதம் இழுத்தடித்துப் பூட்ஸுக்கும் துணிக்கும் கொடுத்தார்கள். ரயில் டிக்கெட்டுக்குக் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் வருகிறவர்கள் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்னாலேயே அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், கொடுத்த பிறகு அனுப்பினால் ஆறுதல்தான் சொல்ல முடியும். மெயிலில் அனுப்புங்கள். 2025 ஆகஸ்ட்டிலிருந்து வாட்ஸ்அப் அழைப்புகளை இங்கே கட்டுப்படுத்திவிட்டார்கள், அடித்தாலும் எடுக்காது. சாதாரண போனில் கூப்பிடுகிற அப்பாக்களுக்கு ஒன்று: வோல்கோகிராட் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் வாக்கிங் முடித்துக் காபி குடித்துக்கொண்டே ஏழு மணிக்கு அடிக்கும்போது எனக்கு விடிகாலை நாலரை.